முந்தைய குடித்தனத்தின் பால் கணக்கு



பொட்டி தட்டுற நம்ம கூட்டத்தில் வேலைக்கு 'ஆணி பிடுங்குறது' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. என்ன ஆணி என்று ஊரில் யாராவது கேட்டால்தான் சிக்கல். வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவர் 'பேங்க் வேலை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். நான் வீடியோ கோடெக் பக்கம். 'வீடியோ எடுக்கிற வேலையா தம்பி?' என்று கேட்ட சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அவர் தூங்கிவிட்டார். அவருக்குச் சொல்ல வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு வகை ஆணியின் வரலாறு இது. கணினி தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், கணக்கு எதுவும் வராது. பால் கணக்கு மட்டும் வரும்.

முதலில் கோடெக். கல்யாண வீடியோ ஒரு நொடிக்கு 25 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு எச்டி அளவில் ஒரு படத்துக்கு 31,10,400 பைட். ஒரு நொடிக்கு ஏழே முக்கால் கோடி. தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்துக்கே பழைய ஹார்டு டிஸ்க் நிறைந்துவிடும். அதனால் 'போன படத்தில் இருந்த மாதிரியேதான், ஐயர் கை மட்டும் நகர்ந்திருக்கிறது' என்று சுருக்கி எழுதி வைக்கிறோம். சுருக்குவது என்கோடர், விரிப்பது டிகோடர், இரண்டும் சேர்ந்தது கோடெக். நாம் பார்த்த விசிடியில் இருந்தது எம்பெக்-1. 2003-இல் தரமாக ஏற்கப்பட்ட எச்.264 இன்னும் நம் போன்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுருக்கத்தின் உயிர் 'போன படத்தில் இருந்த மாதிரி' என்ற அந்த வார்த்தையில் இருக்கிறது. போன படம் கையில் இல்லை என்றால்?

இதற்கு எங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம். எங்கள் குடும்பம் போனக்காட்டிலிருந்து வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டிப் போனால், அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடக்கத் தொடங்கும் இடம். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். மலையாள நாட்டுக்குள் இருந்தாலும் லயங்களில் பேச்சு தமிழ்தான். (இப்போது யூடியூபில் தேடினால் பாழடைந்த பங்களாவில் பேய் வருகிறது என்றுதான் வீடியோ வருகிறது. அந்த வீடியோக்களில் தெரியும் 'ஆவி'களில் பாதி, மோசமாகச் சுருக்கிய இருட்டுப் படத்தில் தெரியும் கட்டங்கள். இதைச் சொன்னால் ஊர்க்காரர்கள் அடிக்க வருவார்கள்.)

லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், இருப்பவருக்கு இல்லை. ஒரு குடும்பம் போனால் அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு. சாவி கொடுக்கிறவர் சாவியை மட்டும்தான் கொடுப்பார். உள்ளே போய்ப் பார்த்தால் சுவரில் முந்தைய குடித்தனத்தின் காலண்டர் ஆணி, பிள்ளைகள் உயரம் பார்த்த கோடுகள், அடுப்பங்கரையில் கரியால் போட்ட பால் கணக்கு. எங்கள் ஆச்சி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் பானையை உள்ளே வைப்பாராம். அடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? மாசக் கடைசியில் பால்காரர் வந்து சுவரைப் பார்ப்பார். நாற்பது கோடு இருக்கும். நாற்பது கோட்டில் எது நாம் வாங்கிய பால், எது போன குடித்தனம் வாங்கிய பால் என்று அந்தக் கோடுகளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கரி.

கணினியின் நினைவகமும் இதே லயம்தான். சி மொழியில் 'மாலாக்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. இடம் கேட்டால் சாவி கொடுக்கும், சுண்ணாம்பு அடிக்காது. 'கேலாக்' என்று அதன் பங்காளி ஒருவர் உண்டு. அவர் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டுத் தருவார், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கிய காலத்தில் ஒவ்வொரு பைட்டும் ஒவ்வொரு நொடியும் காசு. எப்படியும் நீ எழுதப் போகிற இடத்தை நான் எதற்குத் துடைக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். எழுதாமலே படித்துவிட்டால்தான் வம்பு. இதற்குப் பெயர் முதல்மதிப்பு இல்லாத நினைவகத்தைப் படித்தல். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்க 'பால் கணக்கு வழு' என்று சொல்லப் போகிறேன்.

இந்த வழுவின் குணம் கொஞ்சம் விசேஷமானது. மற்ற வழுக்கள் மென்பொருளைக் கவிழ்த்துவிடும், உடனே தெரியும். இது கவிழ்க்காது. புது இடத்தை இயங்குதளம் முதல் தடவை கொடுக்கும்போது பாதுகாப்புக்காகப் பூஜ்யமாக்கித்தான் கொடுக்கும், அதாவது புதுசாகக் கட்டிய லயம். அதனால் ஆபீஸில் மென்பொருளைத் திறந்து, ஒரு வீடியோ ஓட்டி, மூடினால் எல்லாம் சரியாகத் தெரியும். வாடிக்கையாளர் அதையே மூன்று நாள் மூடாமல் ஓட்டுவார். அங்கே பழைய இடங்கள் திரும்பத் திரும்பக் கைமாறும். 'எங்க மெஷின்ல ஒழுங்கா ஓடுதே' என்று இந்தப் பக்கம் சொல்ல, 'எங்க மெஷின்ல ஓடலையே' என்று அந்தப் பக்கம் சொல்ல, இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு பிரின்ட் வரி போட்டால் நினைவகத்தின் அடுக்கே மாறி, வழு ஒளிந்துகொள்ளும்.

கோடெக் எழுதுகிறவர்களுக்கு இது ஏன் தலைவலி? முதல் காரணம் வேகம். நொடிக்கு ஏழே முக்கால் கோடி பைட்டையும் முதலில் துடைத்துவிட்டு அப்புறம் எழுதுவது என்றால், எழுதும் வேலையில் கணிசமான பங்கு வெறும் துடைப்புக்கே போகும். அதனால் கோடெக்காரர்கள் துடைக்காமல் விடுவதைத் தொழில் திறமையாகவே கற்றுக்கொண்டவர்கள். இரண்டாவது, வரும் கோப்பு முன்பின் தெரியாத ஆள் அனுப்பியது. பாதியில் அறுந்திருக்கலாம், வேண்டுமென்றே கெடுக்கப்பட்டிருக்கலாம். 'இந்தப் படத்தில் 100 துண்டு இருக்கிறது' என்று தலைப்பில் எழுதிவிட்டு 60 துண்டு மட்டும் அனுப்பினால், மிச்சம் 40 துண்டு இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கும்? போன குடித்தனத்தின் கரிக்கோடு.

'அப்போ பூஜ்யம் போட்டு வை, முடிஞ்சது கதை' என்பவர்களுக்கு ஒரு சுவையான செய்தி. வீடியோவில் பூஜ்யம் என்றால் கருப்பு கிடையாது. படத்தை வெளிச்சம் ஒன்று, நிறம் இரண்டு என்று மூன்று தட்டாகப் பிரித்து வைப்பது வழக்கம். நிறத் தட்டில் 'நிறம் இல்லை' என்பதற்கு எண் 128. மூன்று தட்டிலும் பூஜ்யம் போட்டால் திரையில் வருவது பச்சை. வீடியோ தொடங்கும்போதோ நடுவிலோ சட்டென்று ஒரு பச்சைப் பட்டை வந்து போவதைப் பார்த்திருப்பீர்களே, பெரும்பாலும் அதுதான், யாருமே எழுதாத பூஜ்யம். (கீறல் விழுந்த விசிடியில் முகம் இழுபடுவதெல்லாம் இந்த வழு அல்ல. அது டிகோடர் இருப்பதை வைத்துச் சமாளிப்பது.) பூஜ்யமும் ஒரு மதிப்புதான். சுண்ணாம்பு அடித்த சுவர் 'இந்த வீட்டில் யாரும் பாலே வாங்கவில்லை' என்று சொல்கிறது. அதுவும் பொய்யாக இருக்கலாம்.

சரி, இந்த வழுவைப் பிடிக்கக் கருவி எப்போது வந்தது? இங்கே எனக்குப் பிடித்த ஒரு தற்செயல். 1991-இல் ரீட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் ப்யூர் சாஃப்ட்வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதன் சரக்கு 'ப்யூரிஃபை'. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு பிட் தனியாக வைத்துக்கொள்ளும். இந்த இடம் வாடகைக்கு விடப்பட்டதா, விடப்பட்டிருந்தால் யாராவது எழுதினார்களா என்று குறித்து வரும். எழுதாத இடத்தைப் படித்தால் கத்தும். அந்தக் கம்பெனி கைமாறிய பிறகு ஹேஸ்டிங்ஸ் 1997-இல் இன்னொன்று தொடங்கினார். அதன் பெயர் நெட்ஃபிளிக்ஸ். இன்று உலகத்துக்கே வீடியோ காட்டுகிற கம்பெனியின் நிறுவனர், அதற்கு முன் பிழைப்பு நடத்தியது பால் கணக்கு வழுவைப் பிடித்துக்கொடுத்து.

ப்யூரிஃபை விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஓசியில் மென்பொருள் எழுதும் தன்னார்வலர்களுக்கு விடிவுகாலம் 2002-இல்தான் வந்தது. bzip2 எழுதிய அதே ஜூலியன் சீவர்ட், 'வால்கிரின்ட்' என்ற கருவியை இலவசமாக வெளியிட்டார். (கடைசியில் 'கிரைண்ட்' இல்லை, 'கிரின்ட்'. மாவாட்டும் கிரைண்டர் நினைப்பில் சொன்னால் திருத்துவார்கள்.) பிறகு அவரோடு நிக்கோலஸ் நெதர்கோட் சேர்ந்தார். இதில் பைட் அளவில் இல்லை, ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிழல் பிட். கோடெக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் எங்கள் வேலையே பிட் பிட்டாகப் பிரித்துப் படிப்பது.

அதைவிட முக்கியமானது வால்கிரின்ட்டின் பொறுமை. எழுதாத இடத்தை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகல் எடுத்தால் கத்தாது. கூட்டினாலும் கத்தாது, விடையும் கறைபட்டது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். அந்தக் கறைபட்ட எண்ணை வைத்து 'ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம்' என்று மென்பொருள் முடிவெடுக்கும்போதுதான் வாயைத் திறக்கும். கரிக்கோடு சுவரில் இருப்பது குற்றமில்லை, அதைப் பார்த்துக் காசு கேட்பதுதான் குற்றம் என்ற நியாயம். இதில் ஒரு சங்கடம், குற்றம் தெரியும் இடமும் பிறந்த இடமும் வெகுதூரம். 2009 ஜனவரியில் வந்த 3.4.0 பதிப்பில்தான் 'இந்தக் கறை எந்த வாடகை இடத்திலிருந்து கிளம்பியது' என்று பின்னோக்கிச் சொல்லும் வசதி வந்தது. அதுவரை துப்பறியும் வேலை முழுக்க நம் தலையில். அதற்குப் பிறகும் ஓட்டம் ஆமை வேகம்தான், மென்பொருள் பத்து, இருபது மடங்கு மெதுவாகும்.

கருவி கத்துகிறது. அடுத்து என்ன செய்வது? இங்கேதான் கோடெக்கை விட்டு ஒரு நிமிடம் வெளியே போக வேண்டும், ஏனென்றால் இந்த வழுவின் வரலாற்றிலேயே பெரிய விபத்து வழுவால் வந்ததில்லை, திருத்தத்தால் வந்தது.

2006-இல் டெபியன் லினக்ஸில், ரகசியச் சாவிகள் உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளைப் பார்த்து வால்கிரின்ட் கத்தியது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வரிகள். ஒன்று, துடைக்காத இடத்தை வேண்டுமென்றே எடுத்து, 'கொஞ்சம் குப்பையும் கிடக்கட்டும், யாராலும் ஊகிக்க முடியாது' என்று சாவிக் கலவையில் சேர்த்தது. அதை எடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. இன்னொன்று, உண்மையான தற்செயல் எண்களைக் கலவையில் சேர்க்கும் வரி. அதுதான் உயிர். பராமரிப்பாளர் முன்கூட்டியே மடல் குழுவில் கேட்டும் பார்த்தார், பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. இரண்டு வரியும் போனது. கருவி அமைதியானது. கலவையில் மிஞ்சியது அந்த நேரத்தில் ஓடும் நிரலின் வரிசை எண் மட்டும், அதிகபட்சம் 32 ஆயிரத்துச் சொச்சம். அதாவது உலகத்துப் பூட்டுக் கடையில் 32 ஆயிரம் சாவிதான், எல்லாவற்றையும் ஒரு மதியத்தில் முயன்று பார்த்துவிடலாம். லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்து 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும்வரை, டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படியே சாவி செய்துகொண்டிருந்தன.

ஆகவே கருவியை வாயடைப்பது வேறு, வழுவைத் தீர்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கோடெக்குக்குத் திரும்புவோம்.

வீடியோ உலகத்தின் அடித்தளம் எஃப்எஃப்எம்பெக். 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. நம் வீட்டு விஎல்சி பிளேயர் உட்பட எத்தனையோ மென்பொருள்கள் உள்ளே இதைத்தான் வைத்திருக்கின்றன. திருட்டு விசிடி பார்க்காத நல்லவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் கீறல் விழுந்த, பாதியில் அறுந்த, பெயரே தெரியாத வடிவக் கோப்புகளை எல்லாம் இதன் புண்ணியத்தில்தான் பார்த்தோம்.

அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி. டிகோடருக்குக் கொடுக்கும் தரவின் முடிவில் கொஞ்சம் காலி இடம் விட வேண்டும், அதைப் பூஜ்யமாக்கி வைக்க வேண்டும். ஏனென்றால் வேகத்துக்காக டிகோடர் ஒவ்வொரு பிட்டாகப் படிக்காமல் 32 பிட், 64 பிட் என்று அள்ளிப் படிக்கும். கடைசி அள்ளலில் கை எல்லையைத் தாண்டும். அந்தக் காலி இடத்தின் முதல் 23 பிட் பூஜ்யமாக இல்லாவிட்டால், சேதமான எம்பெக் கோப்பு டிகோடரை எல்லை தாண்டி இழுத்துக்கொண்டு ஓடலாம் என்று அதன் குறிப்பு எச்சரிக்கிறது. அது என்ன 23? எம்பெக்கில் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் அடையாளம் 23 பூஜ்யமும் ஓர் ஒன்றும். 23 பூஜ்யம் கண்டால் 'அடுத்த பகுதி வந்துவிட்டது, நிறுத்து' என்று டிகோடர் புரிந்துகொள்ளும். சும்மா பாதுகாப்புக்கு என்று பூஜ்யம் போடாமல், பூஜ்யம் இங்கே என்ன பொருள் தரும் என்று யோசித்துப் போட்ட பூஜ்யம் இது. இதற்கு நேரெதிரான ஒரு வசதியும் அதே எஃப்எஃப்எம்பெக்கில் உண்டு. சோதனையின்போது புது இடம் முழுவதையும் வேண்டுமென்றே 42 என்ற எண்ணால் நிரப்பிக் கொடுக்கச் சொல்லலாம். விஷம் வைத்தல் என்றே பெயர். துடைக்காத இடத்தைப் படிக்கிற வழு இருந்தால் மறைந்திருக்க முடியாது.

2012 வாக்கில் கூகிளில் வேலை பார்த்த இரண்டு போலந்துக்காரர்கள், மத்தேயுஷ் யூர்ச்சிக்கும் கின்வேல் கோல்ட்விண்டும், ஒரு முரட்டு வேலையைக் கையில் எடுத்தார்கள். பலவகை வீடியோக் கோப்புகளைச் சேகரித்து, அங்கங்கே பைட்டுகளைக் கெடுத்து, நூற்றுக்கணக்கான, பிறகு ஆயிரக்கணக்கான பிராசசர் கோர்களில் எஃப்எஃப்எம்பெக்கிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2014 ஜனவரியில் கணக்குச் சொன்னபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்து முடிந்திருந்தன. அவர்கள் கொடுத்த வழு வகைப் பட்டியலில் நம்ம ஆளும் இருக்கிறார். கெடுத்துக் காட்டியவர்கள் இருவர். உட்கார்ந்து திருத்தியதில் பெரும்பங்கு மைக்கேல் நீடர்மாயர் என்ற ஆஸ்திரியக்காரருடையது. கண்டுபிடித்தவர் பெயர் செய்தியில் வரும், ஆணி பிடுங்கியவர் பெயர் மாற்றக் குறிப்பில் மட்டும் வரும். நம் தொழில் அப்படி.

கருவியும் இதற்குள் வளர்ந்தது. கூகிளின் ஸ்தெபானோவும் செரெப்ரியானியும் 'மெமரி சானிடைசர்' என்று ஒன்றை கிளாங் கம்பைலருக்குள்ளேயே சேர்த்தார்கள். வால்கிரின்ட் செய்யும் அதே கறை பார்க்கும் வேலைதான், இரண்டரை, மூன்று மடங்கு மெதுவாவதோடு சரி. 2016 டிசம்பரில் கூகிள் அறிவித்த ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டம், இந்தச் சானிடைசர்களை வைத்து இலவச மென்பொருள்களை ராப்பகலாகச் சோதிக்கிறது. கோடெக்கில் ஒரு சின்னச் சிக்கல், வேகமான பகுதிகள் அசெம்பிளி மொழியில் கையால் எழுதப்பட்டவை, கம்பைலருக்குள் இருக்கும் கருவிக்கு அவை கண்ணில் படாது. அதனால் அவற்றை அணைத்துவிட்டுத்தான் சோதிப்பது வழக்கம். இயந்திர மொழியையே பார்க்கும் கிழட்டு வால்கிரின்ட்டுக்கு இன்னும் வேலை இருப்பது அதனால்தான்.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் ஒரு பச்சைப் பட்டைக்கா என்று கேட்பீர்கள். 2017 மே மாதம் கிறிஸ் எவன்ஸ் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் காட்டியதைப் பாருங்கள். இது வீடியோ அல்ல, படம், ஆனால் அதே வியாதி. யாகூ மெயில், இணைப்பாக வரும் படங்களைச் சின்னதாக்கிக் காட்ட இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியது. அதில் ஆர்எல்இ என்ற பழைய பட வடிவத்துக்கும் டிகோடர் இருந்தது. எவன்ஸ் 18 பைட்டில் ஒரு கோப்பு செய்தார். 'இத்தனை அகலம், இத்தனை உயரம்' என்று சொல்லும், ஒரு புள்ளிகூட வரையச் சொல்லாது. அதைத் தனக்குத் தானே மின்மடலில் அனுப்பித் திறந்தார். டிகோடர் இடத்தை வாடகைக்கு எடுத்தது, துடைக்கவில்லை, வரைய ஒன்றும் இல்லாததால் எழுதவும் இல்லை, அப்படியே படமாகக் காட்டியது. அதில் தெரிந்தவை அதே சர்வரில் கொஞ்சம் முன்னால் கடந்துபோன மற்றவர்களின் படங்களின் மிச்சங்கள். யாரோ வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையின் போட்டோவாக இருக்கலாம், பாஸ்போர்ட் நகலாக இருக்கலாம். நாம் எத்தனை பேர் விசா காகிதங்களை யாகூ மெயிலில் ஊருக்கும் இங்கேயுமாக அனுப்பினோம் என்று எண்ணிப் பாருங்கள். யாகூ அந்த மென்பொருளைத் திருத்திக்கொண்டிருக்காமல் தூக்கியே எறிந்தது. வழுவைச் சரிசெய்ய வேண்டியது என்னவோ ஒரே வரி, வரையும் முன் பலகையைத் துடை. இந்த இடத்தில் சுண்ணாம்பு சரியான மருந்து, ஏனென்றால் வரையாத இடம் காலியாகத் தெரிவதுதான் நியாயம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெங்களூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே கடை போட்டது. அதன் இந்தியத் தலைவராக இருந்த ஸ்ரீனி ராஜம், சில சகாக்களோடு 2001-இல் இட்டியம் சிஸ்டம்ஸ் தொடங்கினார். ('நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்ற டெகார்ட் வாக்கியத்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் இட்டியம். தமிழ்ப்பெயர் என்று நினைத்துப் பொருள் தேடாதீர்கள்.) 2014, 2015 வாக்கில் ஆண்ட்ராய்டுக்குள் எச்.265, எச்.264, எம்பெக்-2 டிகோடர்களாக இவர்கள் எழுதியவை போய்ச் சேர்ந்தன. மூலநிரல் எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. கோப்புக்குக் கோப்பு தலையில் 'முதலில் உருவாக்கி அளித்தது இட்டியம், பெங்களூர்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. ஹார்ட்வேர் டிகோடர் இல்லாதபோது, அல்லது கைகொடுக்காதபோது, நம் அம்மாக்களின் போனில் பேரப்பிள்ளை வீடியோவை விரித்துக் காட்டுவது இதுதான்.

போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. 2015 ஜூலையில் ஜோஷுவா டிரேக், ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற வீடியோப் பகுதியில், ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனைக் கைப்பற்ற வழி இருப்பதை வெளியிட்டார். கூகிள் அடுத்த மாதத்திலிருந்து மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஆண்ட்ராய்டின் வீடியோ நிரலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2016, 2017 அறிக்கைகளில் இந்த மூன்று டிகோடர்களும் மாறி மாறி வந்தன. இதைப் படித்துவிட்டு 'நம்ம ஆட்கள் எழுதினது அவ்வளவுதான்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், மேலே எஃப்எஃப்எம்பெக்கின் ஆயிரத்தை ஒருதரம் திரும்பப் படிக்கவும். யார் எழுதிய டிகோடரைத் தோண்டினாலும் இப்படித்தான் கிடைக்கும்.

அந்தத் திருத்தங்களில் ஒன்றைப் பாருங்கள். எச்.264 டிகோடருக்குள் 'இந்தப் படத்தின் முதல் துண்டு இதுதானா' என்று ஒரு குறி. முதல் துண்டு வந்தால்தான் புதுப் படத்துக்கான ஏற்பாடுகள், அதாவது சுண்ணாம்பு அடிக்கும் வேலைகள் நடக்கும். கெட்டுப்போன கோப்புகளைச் சமாளிக்க அந்தக் குறிக்கு 0, 1 போதாமல் 2 என்று மூன்றாவது மதிப்பும் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த மூன்றாவது பாதையில் போனால் ஏற்பாடுகள் தாறுமாறாகும். இதற்கு எளிய வழி, எல்லா மாறிகளுக்கும் பூஜ்யம் போட்டு வாயடைப்பது. அவர்கள் செய்தது, அந்த 2-ஐ எடுத்துவிட்டு, கோப்பு எப்படிக் கெட்டிருந்தாலும் ஒரு படத்துக்கு ஒரே ஒருமுறை மட்டும் அந்தக் குறி 1 ஆகும்படி வழியையே நேராக்கியது. சுவரில் கரிக்கோடு ஏன் தங்கியது என்று கேட்டு, சாவி கைமாறும் ஒழுங்கைச் சரிசெய்த வேலை. திருத்தியவர் யார், எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. மாதாந்திர அப்டேட்டில் ஒரு வரியாகப் போய் கோடிக்கணக்கான போன்களில் இறங்கியது.

2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-இல் கம்பைலரிடமே ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டார்கள். ஃபங்ஷன்களுக்குள் பிறந்து மறையும் மாறிகளுக்கு எழுதுகிறவர் மறந்தாலும் தானாகப் பூஜ்யம். சி++ மொழியின் 26-ஆம் பதிப்பிலும் இதைப் பற்றிய விதி மாறியிருக்கிறது. எழுதாத மாறியைப் படித்தால் இதுவரை என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று இருந்தது, இப்போது அது தவறுதான், ஆனால் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் தவறு. நல்ல ஏற்பாடுகள்தான், யாகூ மாதிரிக் கசிவுகள் குறையும். ஆனால் பெரிய படப் பலகைகள் மாலாக் வழியாக வருபவை, அவற்றுக்கு இந்தக் கம்பைலர் வசதி பொருந்தாது. இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. தானாகப் பூஜ்யம் விழுந்துவிட்டால் கறை இருக்காது, கறை இல்லாவிட்டால் வால்கிரின்ட் கத்தாது, தப்பான படம் மட்டும் கத்தாமல் வந்துகொண்டிருக்கும். அதனால் சோதிக்கும்போது விஷம், வெளியே அனுப்பும்போது சுண்ணாம்பு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கட்சி. எங்கள் குழுவில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, டீ நேரத்தில் சட்டசபை நடக்கும்.

எஃப்எஃப்எம்பெக்கில் இன்றைக்கும் இந்த வகைத் திருத்தங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பல, இன்று யாருமே புதிதாகப் பயன்படுத்தாத வடிவங்களில். 1990-களின் விளையாட்டு வீடியோ, பழைய வெப்கேம், எப்போதோ மூடிப்போன கம்பெனியின் கோடெக். இதையெல்லாம் தூக்கி எறிந்தால் என்ன என்று பாதுகாப்புக்காரர்கள் கேட்பார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. யாகூவைக் கவிழ்த்த ஆர்எல்இ-யும் அப்படி ஒரு பழைய சாமான்தான். ஆனால் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அக்கா கல்யாண விசிடி, 2003-இல் யாரோ கேமராவில் எடுத்துத் தந்த காதுகுத்து வீடியோ எல்லாம் அந்தப் பழைய சாமான்களால்தான் திறக்கும். எங்கள் வீட்டில் தாத்தா பேசும் வீடியோ இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் அப்படிப்பட்ட ஒரு வடிவத்தில்.

டிஸ்கி: பழைய விசிடி, கேசட்டுகளை மாற்றி வைக்கிறவர்கள், மாற்றியதும் மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாற்றிய கோப்பில் டிகோடர் அன்றைக்கு என்ன காட்டியதோ அதுவே நிரந்தரமாகப் பதிந்துவிடும், பச்சைப் பட்டை உட்பட. மூலம் இருந்தால் அடுத்த வருடத் திருத்தத்தோடு இன்னொரு முறை விரித்துப் பார்க்கலாம். ஊரில் அம்மா போனில் அப்டேட் கேட்டு மூன்று மாதமாக ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும், அடுத்த முறை பேசும்போது அதையும் அழுத்தச் சொல்லுங்கள்.